வாக்கும் சீட்டும்: தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் தேர்தல் சொற்கள்

ஓட்டு, வாக்கு, தேர்தல், வேட்பாளர், உறுப்பினர் ஆகிய சொற்கள் இன்று தொடக்கப்பள்ளி மாணவருக்கும் தெரிந்தவை. ஆனால் இப்போதைய பொருளில் இவை தமிழில் வழங்கத் தொடங்கி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்காது. 'வாக்கு' என்றால் பேச்சு. 'தேர்தல்' என்றால் ஆராய்ந்து தெரிந்தெடுத்தல். 'உறுப்பு' என்றால் உடலின் பாகம். மேலை நாட்டு முறையிலான மன்றங்களும் தேர்தல்களும் வந்தபோது பழைய சொற்களுக்குப் புதிய வேலை கொடுக்கப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் இதே வேலையை ஜப்பானியரும் செய்தார்கள். ஆசியாவில் நாடாளுமன்றத் தேர்தலைத் தொடக்கத்திலேயே நடத்திய நாடுகளுள் ஜப்பான் ஒன்று. அங்கு முதல் பொதுத்தேர்தல் 1890 ஜூலை 1 அன்று நடந்தது. தமிழர் வடமொழி வேர்களை நாடியது போல, ஜப்பானியர் சீன எழுத்துகளை இணைத்துச் சொற்களை ஆக்கினர். பின்னர் இரு மொழிகளும் வெவ்வேறு திசைகளில் சென்றன. சென்னையில் வேலைவாய்ப்புக்காக ஜப்பானிய மொழி கற்கும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியலில் தேர்தல் பற்றிய பகுதியும் உண்டு. அப்பட்டியலைத் தமிழ்ச் சொற்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், ஒரு சமூகம் தன் வாக்காளரிடம் எதை எதிர்பார்த்தது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பது தெரியவரும்.

ஒரு சிறு எச்சரிக்கை. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் முன்வைத்த கருத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். மொழியியலாளரிடையே அது பரவலாக ஏற்கப்படவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதும் அன்று. இங்கு காட்டப்படும் ஒற்றுமைகள் இரத்த உறவால் வந்தவை அல்ல. ஒரே சிக்கலை இரு மொழிகள் எதிர்கொண்டதால் வந்தவை.

குடவோலை

தமிழ்நாட்டில் தேர்தல் வரலாறு என்றதும் எல்லோரும் தொடங்குமிடம் உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, எல்லோரும் கேட்கப் படித்தார். இப்படி வந்த முப்பது பேரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமர்ந்தனர்.

தகுதி விதிகள் கடுமையானவை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும்; சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்; வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவரைத் தடுக்கும் இந்த விதியைப் படிக்கும் எவருக்கும் பெருமூச்சு வரும்.

ஆனால் பாடநூல்களில் நாம் பெருமையோடு சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். குடவோலை என்பது வாக்களிப்பு அன்று, திருவுளச்சீட்டு. யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்று எவரும் எண்ணவில்லை. இது பிராமணர் குடியிருப்பான பிரமதேயத்தின் சபை நடைமுறை என்பதையும் மறக்கலாகாது. அவ்வூரில் உழுதவரும் நெய்தவரும் பெண்களும் அந்தக் குடத்துக்கு வெளியே இருந்தவர்கள். சோழர் காலப் பிரமதேய ஊர்களையும் வேளாளர் ஊர்களையும் ஒப்பிட்டு, நிலவுரிமை எப்படி வேறுபட்டது என்று ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் ஒரு ஜப்பானியரே: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா.

உத்திரமேரூருக்கு முந்தைய சான்று ஒன்றும் காட்டப்படுவதுண்டு. மருதன் இளநாகனார் பாடிய அகநானூறு 77ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை உடைத்து ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்கள் ஓர் உவமையாக வருகிறார்கள். இதைச் சங்க காலத் தேர்தல் என்று கூறுவோர் உண்டு. பாட்டில் உறுதியாகத் தெரிவது முத்திரையிட்ட குடத்தில் ஓலைகளைக் காக்கும் வழக்கம் இருந்தது என்பது மட்டுமே.

ஜப்பானிலும் சீட்டு எடுத்துத் தலைவரைத் தெரிந்த வரலாறு உண்டு. 1428இல் ஷோகுன் பதவிக்கு வாரிசு முடிவாகாத நிலையில், இவாஷிமிசு ஹச்சிமான் கோயிலில் சீட்டு எடுத்து அஷிகாகா யோஷினோரியைத் தெரிந்தனர். அவருக்குச் 'சீட்டெடுத்த ஷோகுன்' என்ற பட்டப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. குடமும் சீட்டும் பழங்கதையாகிவிடவில்லை. இரு வேட்பாளர்கள் சம வாக்குப் பெற்றால் குலுக்கலில் முடிவு செய்ய இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் இடம் தருகிறது, ஜப்பானின் தேர்தல் சட்டமும் இடம் தருகிறது.

சென்னைக்கு ஓட்டு வந்தது

தியாகராய நகரில் நடப்பவர் சென்னை மாகாணத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல் காலத்தின் ஊடாகவே நடக்கிறார். நகருக்குப் பெயர் தந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். நாயர் சாலை டி.எம். நாயருக்கும் உஸ்மான் சாலை முகமது உஸ்மானுக்கும் உரியவை. மாம்பலம் ஏரிப் பகுதியில் 1920களில் உருவான இந்நகர், அப்போது ஆட்சியிலிருந்தவர்களின் பெயர்களையே தெருக்களுக்குச் சூட்டிக்கொண்டது.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 நவம்பரில் நடந்த அத்தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி வென்றது. நிலவரி, நகராட்சி வரி போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்குமேல் செலுத்துவோருக்கே ஓட்டு. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் சுமார் 12 லட்சம் பேர். நூற்றுக்கு மூவர் என்று கொள்ளலாம்.

அந்த மூவரில் பெண் ஒருவரும் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை கோரும் இயக்கம் அடையாற்றில் தொடங்கியது. 1917இல் அங்கு நிறுவப்பட்ட இந்திய மாதர் சங்கத்தில் மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு சென்னையில் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து இதைக் கேட்டது. 1921 ஏப்ரலில், சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். ஜப்பானியப் பெண்கள் 'சான்செய்கென்' (அரசியலில் பங்குகொள்ளும் உரிமை) என்ற சொல்லை முழக்கமாக்கி, இச்சிகாவா ஃபுசாயே போன்றோர் தலைமையில் போராடியும், 1945 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 1946 ஏப்ரல் 10 அன்று அவர்கள் முதன்முறை வாக்களித்தபோது 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாயினர்.

அபேட்சகர் வேட்பாளரானது

புதிய மன்றத்துக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. இதில் பட்ட பாட்டுக்குப் பாரதியாரே சாட்சி. மெம்பர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி, அவயவி, அங்கத்தான், உறுப்பாளி, சபிகன் என்றெல்லாம் எண்ணிப் பார்த்து, எதுவும் பொருந்தாமல் கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டதாக அவர் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். தமிழில் சொல் இல்லாத குறையை அத்தனை பெரிய கவிஞர் வெளிப்படையாகச் சொன்னது, பின்வந்தவர்களுக்கு வேலை கொடுத்தது. அவர் ஒதுக்கிய 'உறுப்பாளி' கிட்டத்தட்ட விடையைத் தொட்டுவிட்டது. அதே வேரிலிருந்து 'உறுப்பினர்' பிறகு வந்து நிலைபெற்றது. இடையில் நெடுங்காலம் ஆண்டது 'அங்கத்தினர்'.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த தமிழ் நாளிதழ்களைப் புரட்டினால் தேர்தல் செய்தி வேறு மொழிபோல் இருக்கும். வேட்பாளர் இல்லை, அபேட்சகர் உண்டு. அமைச்சர் இல்லை, மந்திரி உண்டு. தலைவர் அக்கிராசனர், செயலாளர் காரியதரிசி, மாவட்டம் ஜில்லா, குடிமகன் பிரஜை. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்க மேடைகளும் இதழ்களும் இச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றின. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின் அலுவலகத் தாள்களிலும் மாற்றம் வேகம் பெற்றது. ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. என் தகப்பனார் கடைசிவரை அபேட்சகர் என்றே சொன்னார். என் மாணவர்கள் அச்சொல்லைக் கேட்டால் சிரிப்பார்கள்.

'அபேட்சை' என்றால் விருப்பம். 'வேட்பு' என்றாலும் விருப்பம்; வேட்கை என்ற சொல்லின் வேர் அது. எனவே வேட்பாளர் என்பது அபேட்சகரின் நேர் தமிழாக்கம்: பதவியை விரும்புகிறவர். ஆங்கிலச் சொல்லின் மூலம் வேறு. பண்டைய ரோமில் பதவி நாடியவர்கள் வெண்மையாக்கிய மேலாடை உடுத்தி மக்கள் முன் வருவர்; இலத்தீனில் வெள்ளுடை தரித்தவர் என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் வெள்ளை வேட்டி இல்லாமல் வேட்புமனுத் தாக்கல் செய்பவரைக் காண்பது அரிது என்பதால், மூலப் பொருள் நமக்குப் பொருந்தாமற் போகவில்லை. ஜப்பானியர் சொல் 'கோஹோஷா'. இதில் முதல் எழுத்துக்குக் காத்து நிற்றல், இரண்டாவதற்கு நிரப்புதல், மூன்றாவதற்கு ஆள் என்று பொருள். காலியிடத்தை நிரப்பக் காத்திருப்பவர். ரோமானியர் உடையைப் பார்த்தனர், தமிழர் ஆசையைப் பார்த்தனர், ஜப்பானியர் அலுவலக வரிசையைப் பார்த்தனர் எனலாம். இருப்பினும் ஜப்பானியச் செய்தித்தாள்கள் தேர்தலில் இறங்குவதற்கு 'ஷுட்சுபா' என்று இன்னொரு சொல்லையும் ஆளுகின்றன. குதிரையேறிப் புறப்படுதல் என்பது அதன் பொருள். போருக்குச் சென்ற வீரர் காலத்துச் சொல் இன்று வாக்குக் கேட்கச் செல்வோருக்கு வழங்குகிறது. நாமும் 'களம் காண்கிறார்' என்கிறோம்.

எல்லா வடசொல்லும் போய்விடவில்லை. 'வாக்கு' என்பது வடமொழி வேரிலிருந்து வந்ததே. தனித்தமிழ் அன்பர்கள் 'ஒப்போலை' என்று ஓர் அழகிய சொல்லைப் படைத்தனர். குடவோலையின் நினைவும் அதில் இருக்கிறது. ஆயினும் அது நூல்களைத் தாண்டவில்லை. வாக்குறுதி, வாக்காளர், வாக்குச்சாவடி என்று கிளைவிட்டுப் போன ஒரு சொல்லைப் பிடுங்குவது எளிதன்று. மக்கள் வாயிலோ அந்த வாக்கும் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த ஓட்டுதான். அறிவிப்பில் வாக்கு, தெருவில் ஓட்டு.

இலங்கைத் தமிழர் வேறு வழியில் சென்றனர். 1931இலேயே ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை பெற்ற அத்தீவில் வாக்காளர் பட்டியலுக்குத் 'தேருநர் இடாப்பு' என்று பெயர். நாம் டெபாசிட் என்பதை அங்கே கட்டுப்பணம் என்பர். தேர்தல் நடத்தும் அலுவலர் அங்கே 'தெரிவத்தாட்சி அலுவலர்'. இவற்றுள் கட்டுப்பணத்தை நாம் இரவல் வாங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். 'டெபாசிட் போச்சு' என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்றுவரை மாற்று வழக்கூன்றவில்லை.

சீட்டை எறிதல்

ஜப்பானிய மொழியில் தேர்தலுக்குச் 'செங்க்யோ' என்று பெயர். தெரிதல், உயர்த்துதல் என்ற இரு எழுத்துகள் சேர்ந்தது. பழைய சீனத்தில் இச்சொல் மக்கள் வாக்களிப்பதைக் குறிக்கவில்லை. அரசுப் பணிக்குத் தகுதியானவரைத் தெரிந்து உயர்த்துவதைக் குறித்தது. சீன அரச வரலாறுகளில் இத்தலைப்பில் அமைந்த பகுதிகள் அலுவலர் தேர்வுகளைப் பற்றியே பேசுகின்றன. இங்கு தமிழ் மாணவர் நின்று கவனிக்கலாம். நம் மொழியிலும் தேர்தலும் தேர்வும் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்லவா? தேர்வில் வெற்றி தேர்ச்சி. தேர்தலில் வென்றவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஜப்பானியத்தில் தேர்தலில் தோற்பது 'ரகுசென்'. பள்ளித் தேர்வில் தவறுவது 'ரகுதாய்'. இரண்டிலும் முதலில் நிற்பது 'விழுதல்' என்ற ஒரே எழுத்து. ஒன்றையொன்று பார்த்து எழுதாமலேயே இரு மொழிகளும் வேட்பாளரைப் பரீட்சை எழுத வைத்திருக்கின்றன.

வாக்களித்தலுக்குத் 'தோஹ்யோ' என்பர். எறிதல், சீட்டு என்பவை அதன் பகுதிகள். இதற்கு முன்பு அங்கு ஒரு நாட்டுச் சொல் இருந்தது: 'இரெஃபுதா'. உள்ளே இடும் சீட்டு என்று பொருள். தோகுகாவா ஆட்சிக்காலத்தில் பல கிராமங்களில் ஊர்த் தலைவரைத் தெரிய வீட்டுத் தலைவர்கள் சீட்டெழுதிப் போட்டனர். மெய்ஜி காலத்தில் சீன முறைச் சொல்லான தோஹ்யோ நிலைபெற்று, இரெஃபுதா பின்வாங்கியது. தமிழில் வடசொல்லை ஒதுக்கித் தமிழ்ச்சொல் முன்வந்தது. ஜப்பானில் நாட்டுச் சொல்லை ஒதுக்கிச் சீனச் சொல் முன்வந்தது. திசை நேர் எதிர். சீன எழுத்தில் அமைந்த சொல்லுக்குத்தான் அரசாங்க மிடுக்கு உண்டு என்று அவர்கள் கருதினர்.

பழைய இரெஃபுதாவின் எழுத்துகளை இன்று 'ந்யூசட்சு' என்று படிப்பர்; அதன் பொருள் ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர். ஊர்த் தலைவரைத் தெரிந்த சொல் ஏலத்துக்குப் போய்விட்டது. ஊராட்சித் தலைவர் பதவியே ஏலம் போனதாக உள்ளாட்சித் தேர்தல்தோறும் நம் நாளிதழ்களில் வரும் செய்திகளை நினைத்துக்கொண்டால், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பெயரை எழுதுவதா, சின்னத்தைப் பார்ப்பதா

இரு நாடுகளின் சொற்களிலும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது ஒரு நடைமுறை. ஜப்பானிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தம் வேட்பாளரின் பெயரைச் சீட்டில் தம் கையால் எழுத வேண்டும். அச்சிட்ட பெயர்ப்பட்டியலும் கிடையாது, சின்னமும் கிடையாது. 1890 முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. முதல் தேர்தலில் வாக்காளர் தம்முடைய பெயரையும் முகவரியையும்கூட எழுதி முத்திரையிட வேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெட்டவெளிச்சம். 1900இல்தான் இரகசிய வாக்கு வந்தது. அந்த முதல் தேர்தலில் 15 யென் நேரடி வரி செலுத்திய 25 வயது நிரம்பிய ஆண்களுக்கே உரிமை. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். சொத்துடையவர் படித்தவராகவும் இருப்பார் என்பதால் எழுதச் சொன்னதில் எவருக்கும் இடர் தோன்றவில்லை. 1925இல் வரித் தகுதி நீங்கி 25 வயது ஆண்கள் அனைவருக்கும் உரிமை வந்தபோதும் எழுதும் முறை நீடித்தது. பள்ளிக்கல்வி அதற்குள் பரவியிருந்தது. பார்வையற்றோர் புடைப்பெழுத்தில் வாக்களிக்கவும் அதே சட்டம் இடம் தந்தது. இன்று எழுத இயலாதவருக்கு வாக்குச்சாவடி அலுவலர் எழுதித் தருகிறார்.

இந்தியாவால் இப்படிச் செய்ய முடிந்திருக்காது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காடு சொச்சம். 1951–52இல் சுமார் 17 கோடி வாக்காளருடன் நடந்த முதல் பொதுத்தேர்தலில், தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைக்கப்பட்டது. பெட்டிமேல் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் எதையும் எழுதவோ குறியிடவோ தேவையில்லை. சீட்டை விரும்பிய பெட்டிக்குள் போட்டால் போதும். இதற்கு முன்னோடியும் உண்டு. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் வண்ணப் பெட்டிகள் இருந்தன; காங்கிரசின் பெட்டி மஞ்சள். 'மஞ்சள் பெட்டி' என்ற சொல்லே அன்றைய பிரசாரம். கட்சியின் பெயரைப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். சீட்டில் முத்திரை குத்தும் முறை 1960களின் தொடக்கத்தில் வந்தபோதும் சின்னம் விலகவில்லை.

முதல் தேர்தலில் வாக்காளர் பெயரிலும் ஒரு சிக்கல் எழுந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் பட்டியல் எடுக்க வந்தவரிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதியச் செய்தனர். அப்படிப்பட்ட பதிவுகள் ஏற்கப்படாமல் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் சேர்ந்தனர். வேட்பாளர் பெயரை எழுதத் தெரிய வேண்டியதில்லை என்று விலக்களித்த நாடு, வாக்காளர் தம் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எழுதுதலும் பார்த்தலும் தெருவின் ஓசையையே மாற்றிவிட்டன. ஜப்பானில் தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய 'செங்க்யோ கா' (தேர்தல் கார்) வீதிவீதியாகச் சென்று வேட்பாளர் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவுகிறது. கொள்கையைப் பேச நேரமில்லை. பெயர் மனத்தில் பதிய வேண்டும், பிழையின்றி எழுதப்பட வேண்டும். கடினமான சீன எழுத்துள்ள பெயரைப் பலர் எளிய ஒலியெழுத்தான ஹிரகனாவில் அச்சிட்டுக்கொள்வதும் இதனால்தான். மயிலாப்பூர் மாடவீதிகளில் வரும் ஆட்டோ ஒலிபெருக்கி பெயரை ஒரு முறை சொன்னால் சின்னத்தைப் பத்து முறை சொல்லும். 1950களில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளையும், பின்னர் உதயசூரியனும், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதன்முதலில் வந்த இரட்டை இலையும் கட்சிகளுக்குப் பெயர்களாகவே ஆகிவிட்டன. 'சூரியனுக்குப் போட்டேன்', 'இலைக்குப் போட்டேன்' என்பவை முழுமையான தமிழ் வாக்கியங்கள். ஆசிரியப் பணிக்காலத்தில் தேர்தல் பணிக்குச் சென்றபோது நான் கண்டவரை, வேட்பாளர் பெயரைக் கேட்டு வந்த முதியவர் அபூர்வம். சின்னம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள் பலர். அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.

எழுதும் முறைக்கென்றே ஜப்பானியத்தில் சில சொற்கள் உண்டு. ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர் போட்டியிட, வாக்காளர் குடும்பப்பெயரை மட்டும் எழுதிவிட்டால் அந்த ஓட்டு யாருக்கு? அதைச் செல்லாது என்று தள்ளுவதில்லை. இருவரும் பெற்ற மற்ற வாக்குகளின் விகிதத்தில் அதைப் பிரித்துக் கொடுப்பர். 'அம்புன்ஹ்யோ', பங்கிட்ட வாக்கு, என்று அதற்குப் பெயர். ஜப்பானியத் தேர்தல் முடிவுகளில் சிலருக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை வாக்குகள் காட்டப்படுவது இதனால்தான். ஒரே பெயருள்ள சுயேச்சைகளை நிறுத்திக் குழப்பும் உத்தி நம் ஊரிலும் தெரிந்ததே; அதற்கு நம்மிடம் கணக்கு இல்லை, வசைதான் உண்டு.

வழக்குச் சொற்கள்

அலுவலகச் சொற்களைவிடப் பேச்சு வழக்குச் சொற்களே உண்மையைக் கூடுதலாகச் சொல்கின்றன. ஜப்பானில் வெற்றிக்கு மூன்று 'பன்' வேண்டும் என்பர்: ஜிபன், கன்பன், கபன். முதலாவது தொகுதியில் ஊன்றிய செல்வாக்கு. இரண்டாவது பெயர்ப்பலகை, அதாவது குடும்பப் பெயர். மூன்றாவது பை, உள்ளே இருப்பது பணம். தந்தைக்குப் பின் மகன் அதே தொகுதியில் நிற்பது அங்கும் வழக்கம் என்பதை இம்மூன்று சொற்களும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றன. நம்முடைய பட்டியலும் சளைத்ததன்று: கள்ள ஓட்டு, ஓட்டு வங்கி, பூத் ஏஜெண்ட், பட்டுவாடா. கடைசிச் சொல் ஒரு காலத்தில் தபால், சம்பளம் முதலியவற்றை முறையாகப் பகிர்ந்தளிப்பதைக் குறித்தது. தேர்தல் அதன் பெயரைக் கெடுத்துவிட்டது.

ஜப்பானிய மாணவர் 'ஷிஹ்யோ' என்ற சொல்லைச் சந்திக்கும்போது தடுமாறக்கூடும். இறந்த வாக்கு என்பது நேர்ப்பொருள். தமிழில் இப்படிச் சொன்னால் இறந்தவர் பெயரில் யாரோ போட்ட ஓட்டு என்றே கொள்வோம். அங்கே அது தோற்றவருக்கு விழுந்து பயனற்றுப் போன வாக்கு. அப்படி வீணானது எத்தனை என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் அந்நாட்டு இதழ்கள் கணக்கிடுகின்றன. விகிதாசார முறை வேண்டுமா என்ற விவாதம் அச்சொல்லைச் சுற்றியே நடக்கிறது. நம் நாட்டில் அத்தகைய வாக்குகள் மிகுதி, ஆனால் அவற்றைக் குறிக்க வழக்கில் ஒரு சொல் இல்லை. அதனால் விவாதமும் நூலோர் அளவிலேயே நிற்கிறது.

எவரையும் விரும்பாதவருக்கு நம்மிடம் சொல் உண்டு. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்ற விதி, வாக்களிக்க விரும்பவில்லை என்று பதிவு செய்ய இடம் தந்தது. எழுத்தாளர் ஞாநி 'ஓ போடு' என்று அதைப் பரப்பினார். ஆனால் அங்கே இரகசியம் இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இயந்திரத்திலேயே 'நோட்டா' பொத்தான் வந்தது. 'மேற்கண்ட எவருமில்லை' என்ற தமிழ்த் தொடர் இயந்திரத்தில் இருக்கிறது, வாயில் நோட்டாதான். ஜப்பானில் அப்படி ஒரு இடம் இல்லை. விரும்பாதவர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் இடுகிறார். அதற்கு 'ஹகுஹ்யோ', வெள்ளைச் சீட்டு, என்று பெயர். அது செல்லாத வாக்காக எண்ணப்படும்.

ஜப்பானும் இயந்திரத்தை முயன்று பார்த்தது. 2002இல் ஒகயாமா மாநிலத்து நீமி நகரில் உள்ளாட்சித் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு கானி நகரில் கருவிகள் பழுதாகி, நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்றது. அதன் பின் அம்முயற்சி தளர்ந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு அது வரவேயில்லை. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முதல் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரமே. வாக்காளர் இப்போது எதையும் போடுவதில்லை, பொத்தானை அழுத்துகிறார். ஆனாலும் 'ஓட்டு அழுத்தினேன்' என்று எவரும் சொல்வதில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வந்துவிட்ட ஒப்புகைச் சீட்டுக் கருவியில், வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின் ஏழு வினாடி தெரிந்து, தானாகவே உள்ளிருக்கும் பெட்டியில் விழுகிறது.